வீட்டுக்கு டிரெட்மில் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரெட்மில் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் ஆரம்பித்து விலையில் முடிக்கிறார்கள். நான் யோசிக்கச் சொல்லும் வரிசை வேறு. வீட்டில் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள், யார் யார் ஏறப் போகிறார்கள், பழுதானால் உங்கள் ஊருக்கு யார் வந்து பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மோட்டாரும் விலையும் தானாகவே முடிவாகிவிடும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிரெட்மில் கட்டாயம் வேண்டுமா? பார்க்கில் நடந்தால் போதாதா?

போதும். பக்கத்தில் பார்க்கோ வண்டி அதிகம் வராத தெருவோ இருந்து, காலையில் எழுந்து போகும் பழக்கமும் உங்களுக்கு இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதைத் தெருவில் நடந்து முடித்தாலும் ஹாலில் நடந்து முடித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் எல்லோருக்கும் தெரு வசதிப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. சித்திரையில் காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். சில தெருக்களில் நாய்த் தொல்லை. வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர், கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக முடியாதவர், சர்க்கரைக்காகச் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர், இவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரு டிரெட்மில் இருப்பது பெரிய உதவி.

சந்தேகமாக இருந்தால் உடனே வாங்காதீர்கள். சென்னை போன்ற பெரிய நகரங்களில் மாத வாடகைக்கே டிரெட்மில் கிடைக்கிறது. இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டாவது மாதமும் ஏறுகிறீர்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வீட்டில் எவ்வளவு இடம் வேண்டும்?

விளம்பரத்தில் போடுவது இயந்திரத்தின் அளவை மட்டும்தான். சாதாரண வீட்டு டிரெட்மில் சுமார் 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருக்கும். கால் தவறினால் பெல்ட் உங்களைப் பின்பக்கமாகத் தள்ளும் என்பதால், பின்னால் ஏறக்குறைய 2 மீட்டர், பக்கங்களில் அரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். ஆக மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளம் தேவை. பத்துக்குப் பத்து அறையில் இது நடக்காது. அப்படிப்பட்ட அறைதான் இருக்கிறது என்றால் டிரெட்மில்லின் பின்பக்கம் கதவு வாசலைப் பார்த்து இருக்கும்படி திருப்பிப் போடுங்கள். பின்னால் சுவரோ பீரோவோ மட்டும் கூடவே கூடாது. விழுந்தவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பெல்ட் தோலை உரித்துவிடும்.

நம் வீடுகளில் பலர் மறக்கும் விஷயம் சீலிங் ஃபேன். டிரெட்மில்லில் நிற்கும்போது தரையிலிருந்து அரை அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறீர்கள். ஓடினால் இன்னும் சில அங்குலம் எழும்பும். இன்க்லைன், அதாவது ஏற்றம், வைத்தால் முன்பக்கம் இன்னும் ஏறும். ஃபேன் இறக்கை பெரும்பாலும் எட்டு, எட்டரை அடி உயரத்தில்தான் சுற்றுகிறது. ஆறடி ஆள் அங்கே நின்று டி-ஷர்ட்டைக் கழற்றக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், காற்று வருகிற மாதிரி சற்றுத் தள்ளிப் போடுங்கள். லாஃப்ட்டுக்குக் கீழேயும் வேண்டாம்.

அடுத்து, எந்த அறை? என் கருத்து, ஹால். டிவியும் ஃபேனும் ஆட்களும் இருக்கும் இடத்தில் வைத்த டிரெட்மில்தான் ஓடுகிறது. கெஸ்ட் ரூமில் வைத்தால் அழகாக இருக்கும், அதோடு சரி. பால்கனியும் மொட்டை மாடி ஷெட்டும் இன்னும் மோசம். சாரல், தூசி, வெயில் மூன்றும் சேர்ந்து மோட்டாரை இயக்கும் போர்டையும் பெல்ட்டையும் தின்றுவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ரோலரும் போல்ட்டுகளும் துருப்பிடிக்க அதிக நாளாகாது.

மாடி வீடு தாங்குமா?

கான்கிரீட் தளம் தாராளமாகத் தாங்கும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரத்துக்குக் கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். டிரெட்மில் 60 முதல் 80 கிலோ, மேலே ஒரு ஆள். இது நூல்கள் நிரம்பிய அலமாரியைவிடப் பெரிய பாரமில்லை. விதிவிலக்கு, மரக்கட்டை பாய்ச்சிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள். அங்கே மாடியில் வைக்க வேண்டாம், கீழ்த்தளம்தான் சரி.

பாரத்தைவிடச் சத்தம்தான் பிரச்சினை. நடந்தால் கீழ்வீட்டுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஓடினால் ஒவ்வொரு அடியும் அவர்கள் தலைக்கு மேல் விழும். கெட்டியான ரப்பர் மேட் போட்டால் குறையும், முழுதாகப் போகாது. அபார்ட்மெண்டில் காலை ஐந்து மணிக்கு ஓட நினைப்பவர் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

வாங்கும் முன் இன்னொன்றையும் அளந்துவிடுங்கள்: லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம், அறைக் கதவு. பெட்டி ஆறடிக்குக் குறையாத நீளத்தில் வரும். சின்ன லிஃப்ட்டில் நுழையாது. டெலிவரி ஆட்கள் வாசலோடு போய்விட்டால் நான்காவது மாடிக்குத் தூக்குவது உங்கள் பொறுப்பு.

4 ஹெச்பி, 6 ஹெச்பி என்று போட்டிருக்கிறார்களே, எது வேண்டும்?

ஹெச்பி என்பது குதிரைத்திறன், மோட்டாரின் சக்தியைச் சொல்லும் அளவு. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பீக் ஹெச்பி. மோட்டார் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம் அது. நீங்கள் கேட்க வேண்டியது கன்டினியூவஸ் ஹெச்பி, அதாவது நிறுத்தாமல் ஓடும்போது மோட்டார் தரும் சக்தி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெச்பி என்பது 746 வாட். 6 ஹெச்பி என்றால் ஏறக்குறைய 4,500 வாட். நம் வீட்டுப் பவர் பிளக்கின் எல்லை 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 3,680 வாட். ஆக, அந்த 6 ஹெச்பியைத் தொடர்ந்து இழுக்க உங்கள் வீட்டுப் பிளக்காலேயே முடியாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் வெறும் விற்பனை எண்தான்.

நடப்பவருக்கு ஒன்றரை கன்டினியூவஸ் ஹெச்பி போதும். மெதுவோட்டத்துக்கு 2 முதல் இரண்டரை. தினமும் ஓடுகிறவர், அல்லது 90 கிலோவுக்கு மேல் இருப்பவர் 3 பார்க்கலாம். எடை அதிகமுள்ளவர் மெதுவாக நடப்பது சின்ன மோட்டாருக்கு எளிது என்று தோன்றும், ஆனால் உண்மை நேர்மாறு. குறைந்த வேகத்தில் அதிக பாரத்தை இழுக்கும்போதுதான் மோட்டார் அதிகம் சூடாகிறது. 100 கிலோ ஆள் 3 கி.மீ. வேகத்தில் நடக்கப் போகிறார் என்றால் மோட்டாரில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஏசி மோட்டாரா, டிசி மோட்டாரா என்றும் கேட்பார்கள். ஏசி மோட்டார் ஜிம்முக்கு. நாளெல்லாம் ஓடும், விலையும் கரண்டும் அதிகம். வீட்டுக்கு டிசி போதும். பேச வேறு எதுவுமில்லை.

பெல்ட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இதைத்தான் மோட்டாருக்கு முன்பே பார்க்கச் சொல்வேன். ஏனென்றால் மோட்டார் கண்ணுக்குத் தெரியாது, பெல்ட்டின் அளவை ஒவ்வொரு அடியிலும் உணர்வீர்கள். நடக்க மட்டும் என்றால் 40 முதல் 42 செ.மீ. அகலம், 110 முதல் 120 செ.மீ. நீளம் போதும். ஓடுவதற்கு 45 செ.மீ. அகலத்துக்குக் குறைய வேண்டாம், நீளம் 130 செ.மீ.யாவது இருக்கட்டும். ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர் ஓடினால் 140, 150 செ.மீ. வேண்டியிருக்கும்.

அகலம் குறைந்த பெல்ட்டில் கால் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பீர்கள். பத்தே நாளில் கழுத்து வலிக்கும், அப்புறம் ஏறவே மனம் வராது. கடையில் விவரப் பட்டியலை நம்பாமல் டேப் வைத்து அளங்கள். சிலர் பக்கவாட்டு மிதிபலகையையும் சேர்த்து அகலம் சொல்வார்கள்.

‘அதிகபட்சம் 110 கிலோ’ என்று போட்டிருந்தால் 105 கிலோ ஆள் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் நாள்பட உழைக்காது. வீட்டிலேயே எடை அதிகமுள்ளவரின் எடையோடு 20 கிலோ கூட்டி, அந்த வரம்புள்ளதை வாங்குங்கள். ஓடுபவராக இருந்தால் இன்னும் கூடுதல். இயந்திரத்தின் சொந்த எடையும் ஒரு நல்ல அளவுகோல். 35 கிலோ இயந்திரம் 120 கிலோ ஆளைத் தாங்கும் என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

மோட்டார் இல்லாத டிரெட்மில் விலை குறைவாக இருக்கிறதே?

வேண்டாம். பெல்ட்டை நீங்களே காலால் உந்தித் தள்ள வேண்டும். அதற்காகவே அதைச் சாய்வாக வைத்திருப்பார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து தள்ளித் தள்ளி முழங்காலும் இடுப்பும் நோகும். விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் வளைந்த மேனுவல் டிரெட்மில் வேறு ரகம். அது நல்ல சாதனம், ஆனால் விலை எட்டாது, சாதாரண நடைக்குத் தேவையும் இல்லை.

மேஜைக்கு அடியில் வைக்கும் வாக்கிங் பேட் எப்படி?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், இடம் மிகக் குறைவாக உள்ளவர், உடல் சமநிலையில் குறை இல்லாதவர் என்றால் வாங்கலாம். பெரும்பாலும் மணிக்கு 6 கி.மீ. வரைதான் போகும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஆனால் பல மாடல்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அப்படிப்பட்டதை வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்கு மேல் பயன்படுத்தப் போகிறார்கள் என்றாலும் வேண்டாம். சின்ன மோட்டார், அரை மணிக்கு மேல் போனால் சூடாகும்.

இன்க்லைன் அவசியமா?

என்னைக் கேட்டால், திரை, ஸ்பீக்கர், ஆப் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கலாம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கும்போது 5 சதவீத ஏற்றம் வைத்தால் உடலின் உழைப்பு சமதளத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஓடாமலேயே மூச்சு வாங்கும். முழங்காலில் விழும் அதிர்ச்சி ஓடும்போது விழுவதைவிடக் குறைவு. ஓடக் கூடாது ஆனால் எடை குறைய வேண்டும் என்பவர்களுக்கு இது வரம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ‘15 லெவல்’ என்பதும் 15 சதவீதம் என்பதும் ஒன்றல்ல. லெவல் என்பது வெறும் படி. எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று கேளுங்கள். இரண்டு, மேனுவல் இன்க்லைன் என்றால் ஒவ்வொரு முறையும் இறங்கி, பின்னால் போய், இயந்திரத்தின் காலை மாற்றிப் பொருத்த வேண்டும். முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. பட்டனில் ஏறி இறங்குவதாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

‘ஓடும்போது எப்போதும் 1 சதவீதம் வைக்கணும்’ என்று சொல்வார்கள். 1996ல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டௌஸ்ட் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. வெளியே ஓடும்போது எதிர்க்காற்றைக் கிழித்துப் போகும் உழைப்பை ஈடுகட்டத்தான் அந்த ஒரு சதவீதம். அவர்கள் சோதித்தது வேகமாக ஓடுபவர்களை. நடப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முழங்கால் வலி இருக்கிறது. டிரெட்மில் இன்னும் கெடுக்குமா?

நடை பொதுவாகக் கெடுக்காது. அடியில் குஷன் உள்ள பலகை சிமெண்ட் தரையைவிட மென்மையானது. தேய்மான வலி உள்ளவர்களுக்கு மருத்துவர்களே நடக்கச் சொல்கிறார்கள். ஆனால் வீக்கம் இருந்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஏறும்போது ஷூ கட்டாயம். வீட்டுக்குள்தானே என்று வெறுங்காலில் ஏறுபவர்கள் நிறைய. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பெல்ட் சூட்டில் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது.

அப்பா, அம்மாவுக்கு வாங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வேகம், மோட்டார் எல்லாம் இங்கே பின்னால்தான். முதலில் கைப்பிடி. பக்கவாட்டில் நீளமாக, பின்வரை வரும் கைப்பிடி உள்ளதைத் தேடுங்கள். பல மாடல்களில் முன்னால் ஒரு சாண் கம்பிதான் இருக்கும். அடுத்து, ஏறும் உயரம். அரை அடிக்குள் இருந்தால் நல்லது. பட்டன்கள் பெரிதாக, நிறுத்தும் பட்டன் சிவப்பாக, கண்ணாடி போடாமலேயே தெரியும்படி இருக்க வேண்டும். தொடு திரை வேண்டாம். மணிக்கு 0.8 அல்லது 1 கி.மீ. வேகத்தில் மெதுவாகக் கிளம்புகிறதா, பட்டனை அழுத்தியதும் வெடுக்கென்று இழுக்கிறதா என்று கடையில் நீங்களே ஏறிப் பாருங்கள்.

உடையைப் பற்றியும் பேச வேண்டும். அம்மா சேலையில் ஏறக் கூடாது. முந்தானையும் கொசுவமும் பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும். தரை தட்டும் நைட்டியும் அப்படித்தான். சுடிதார் போடலாம், துப்பட்டா மட்டும் வேண்டாம். அப்பாவின் வேட்டிக்கும் லுங்கிக்கும் இதே பதில்தான். ‘நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிறேன்’ என்று அம்மா சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு இறைப்பு இருந்திருந்தால் முதலில் மருத்துவரின் அனுமதி. ஏற்கெனவே டிஎம்டி டெஸ்ட் (டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தவர்கள் ‘ஆஸ்பத்திரியில் அந்த மெஷின்ல ஏறவே முடியல, வீட்டுலயும் அதானே’ என்று பயப்படுவார்கள். அந்தச் சோதனை வேறு. அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை அது. மணிக்கு 2.7 கி.மீ. என்று மெதுவாகத்தான் தொடங்கும், ஆனால் முதல் கட்டமே 10 சதவீத ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இதயத்தைக் களைக்க வைத்துப் பார்ப்பதுதான் அங்கே நோக்கம். வீட்டில் யாரும் அப்படி நடக்கப் போவதில்லை.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம், ஒரு கட்டுப்பாட்டோடு. சேஃப்டி கீ என்று ஒரு சின்னக் காந்தக் கட்டையும் கயிறும் வரும். அதைச் செருகினால்தான் இயந்திரம் ஓடும். நடக்கும்போது கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் கட்டை பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். நடந்து முடித்ததும் அந்தக் கட்டையை எடுத்து உயரமான இடத்தில் வைத்துவிட்டு, பிளக் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் மாடலில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. ஓடும் இயந்திரத்தின் பின்பக்கத்தில் குழந்தைகள் அடியில் இழுக்கப்பட்டு, ஒரு குழந்தை இறந்தும் போனது. நீங்கள் முன்னால் டிவியைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது பின்னால் தவழ்ந்து வரும் குழந்தையைப் பார்க்க முடியாது. யாராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டால் மட்டும் ஓட்டுங்கள், அல்லது அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

பிளக், ஸ்டெபிலைசர், கரண்ட் பில் பற்றிச் சொல்லுங்கள்.

மொபைல் சார்ஜர் போடும் சின்னப் பிளக் வேண்டாம். ஏசி, கீசர் போடும் பெரிய பவர் பிளக்கில் தனியாகப் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பெல்ட் உராய்வில் நிலை மின்சாரம் உண்டாகும், எர்த் இல்லாவிட்டால் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் வாங்கிவிடுங்கள். டிரெட்மில்லில் முதலில் சாவது பெரும்பாலும் மோட்டார் இல்லை, அதை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு. அதை மாற்றும் செலவில் ஒரு நல்ல ஸ்டெபிலைசரே வாங்கிவிடலாம். போர்டுக்கு இன்னொரு எதிரி பல்லி. சூடான இடம் தேடி உள்ளே போய்க் கருகிச் செத்து, போர்டையும் சேர்த்துக் கொன்றுவிடும். எலி வந்தால் வயரைக் கடிக்கும். மோட்டார் மூடியை மாதம் ஒருமுறை சுற்றிலும் பார்த்துத் துடைப்பது வீண் வேலை இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் டிரெட்மில்லை ஓட்டக் கூடாது. கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், முன்னால் தடுமாறுவீர்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் கைப்பிடி எட்டும் தூரத்திலேயே நடங்கள்.

பில் பயப்படும் அளவுக்கு வராது. நடக்கும்போது சுமார் அரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் தினம் அரை அரை மணி நேரம் நடந்தால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். நம் மின்வாரியக் கணக்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறும். ஏற்கெனவே 480, 490 என்று நிற்கும் வீட்டில் அந்த 30 யூனிட் தன் அளவைவிட அதிகமாகவே பில்லில் தெரியும்.

எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

விலை தள்ளுபடிக்குத் தள்ளுபடி மாறும். தோராயமாகச் சொன்னால், நடப்பதற்கு மட்டும் என்றால் 25,000 முதல் 40,000 ரூபாய்க்குள் உருப்படியானது கிடைக்கும். மெதுவோட்டமும் பட்டன் இன்க்லைனும் வேண்டும் என்றால் 45,000 முதல் 80,000. தினமும் ஓடுகிறவர், அல்லது நான்கு பேர் மாறி மாறி ஏறும் வீடு, லட்சத்தை ஒட்டிப் போக வேண்டியிருக்கும். 15,000 ரூபாய்க்கு மசாஜரும் டம்பெல்லும் சேர்த்துத் தருகிறோம் என்றால், அந்த டம்பெல்லின் விலையைத் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு மீதியில் என்ன மோட்டார் வரும் என்று யோசியுங்கள்.

எந்த பிராண்ட் நல்லது?

இதற்கு நேர் பதில் சொல்ல மாட்டேன். சந்தையில் உள்ள பல பிராண்டுகள் சீனத் தொழிற்சாலைகளில் செய்து, இங்கே பெயர் ஒட்டி விற்கப்படுபவை. அதனால் பெயரைவிட, பழுதானால் யார் வருவார்கள் என்பதைக் கேளுங்கள். சென்னையில் இருந்தால் எந்தப் பெரிய பிராண்டுக்கும் ஆள் வருவார். தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருந்தால் கதை வேறு.

வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி, எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார், வந்து போகக் கட்டணம் எவ்வளவு, போர்டு போனால் என்ன விலை, கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். போனையே எடுக்காத நிறுவனம் இயந்திரம் விற்ற பிறகு எடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் ஊர் ஜிம்முக்குப் போய் ‘உங்க மெஷினையெல்லாம் யார் சர்வீஸ் பண்றாங்க?’ என்று கேட்டால் உள்ளூர் மெக்கானிக்கின் நம்பரும் கிடைத்துவிடும். எந்த பிராண்டுக்கு ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கிறது என்று அவர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்த விளம்பரத்திலும் கிடைக்காத தகவல் அது.

வாரண்டி அட்டையைப் பிரித்துப் படியுங்கள். ‘மோட்டாருக்கு ஆயுட்கால வாரண்டி’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். போர்டு, டிஸ்ப்ளே, பெல்ட், ஆள் கூலி இவற்றுக்கு எவ்வளவு காலம் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். அடிக்கடி போவது அந்தச் சின்ன எழுத்துச் சாமான்கள்தான்.

ஆன்லைனில் வாங்கலாமா, கடையிலா?

கடையில் ஏறி நடந்து பார்த்துவிட்டு, விலை எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள். கடையில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும், உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு. வேகத்தைக் கூட்டும்போது சட்டம் ஆடுகிறதா? கால் வைக்கும்போது ஒரு கணம் பெல்ட் தயங்கி நிற்கிறதா? அப்படித் தயங்கினால் மோட்டார் போதவில்லை, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் நிபந்தனையை முன்பே பாருங்கள், 70 கிலோ சாமானைத் திரும்பக் கட்டி அனுப்புவது லேசில்லை.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. வாங்கி ஆறு மாதம் தொடாமல் விற்பவர்கள் எக்கச்சக்கம், பாதி விலைக்கே கிடைக்கும். நேரில் போய், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருபது நிமிடம் நடந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை விட்டுத் தடவுங்கள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தால் பெல்ட் முடிந்தது, பலகையும் தேய்ந்திருக்கலாம். மொத்தம் எத்தனை கி.மீ. ஓடியது என்று சில மாடல்களில் தெரியும். அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா, ஸ்பேர் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஜிம்மிலிருந்து கழித்த இயந்திரம் வேண்டாம். பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும், எடை 150 கிலோவைத் தாண்டும், உழைக்க வேண்டியதை எல்லாம் உழைத்திருக்கும்.

பராமரிப்பு என்ன செய்ய வேண்டும்?

முக்கியமான ஒரே வேலை, பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிக்கான் ஆயில் விடுவது. தினம் ஒருவர் நடக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். உங்கள் மாடலின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பெல்ட்டை ஓரத்தில் தூக்கி, நடுப்பகுதிவரை எட்டும்படி விட்டு, மெதுவான வேகத்தில் சில நிமிடம் ஓட விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது. பெல்ட் கெட்டுவிடும், தூசியும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பயப்பட வேண்டாம். பின்பக்க ரோலரின் இரு முனையிலும் போல்ட் இருக்கும். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலப்பக்கப் போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருகிவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே தடவையில் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டால் மறுபக்கம் ஓடிவிடும். அதற்கான அலன் கீ பெட்டியோடு வரும், தொலைக்காமல் வையுங்கள்.

திரையில் காட்டும் கலோரியை நம்பலாமா?

எடையைக் கேட்காத இயந்திரம் காட்டும் கலோரி வெறும் ஊகம். 70 கிலோ ஆள் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 120 கலோரி செலவாகும், கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் அதுவும் குறையும். இறங்கியதும் ஒரு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். நேரத்தையும் தூரத்தையும் மட்டும் பாருங்கள்.

நடந்தால் போரடிக்கிறதே?

அடிக்கும். 1818ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம்தான் இதன் மூதாதை. அலுப்பும் அந்தத் தண்டனையில் ஒரு பகுதி. உங்களுக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்பதால்தான் டிவி உள்ள ஹாலில் வைக்கச் சொன்னேன். இயந்திரத்திலேயே பெரிய திரை உள்ள மாடலுக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, மொபைலையோ டேப்லெட்டையோ சாய்த்து வைக்க ஒரு தாங்கி இருந்தால் போதும். ஒன்று மட்டும்: போனில் டைப் செய்துகொண்டு நடக்காதீர்கள். வாட்ஸ்அப்புக்குப் பதில் போட வேண்டும் என்றால் பெல்ட்டை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.